கிரீடத்துக்குப் போட்டி போடுற முதல் ரேங்க் பொண்ணு: உங்க தங்கச்சிக்கு நான் சொல்ற நாவல்

தம்பி, நீங்க கேட்டதை மத்தவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடுறேன். உங்க தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறா, சின்ன வயசுல இருந்து முதல் ரெண்டு ரேங்க்குக்குக் கீழ இறங்கினதே இல்ல, போன மாசம் ஒரு ராத்திரி மொட்டை மாடியில வச்சு உங்ககிட்ட மட்டும் தனக்குப் பொண்ணுங்க மேலதான் ஈர்ப்புன்னு சொல்லியிருக்கா, நீங்களும் பொறுமையா கேட்டுக்கிட்டீங்க, இப்ப அவளுக்கு ஒரு கதைப்புத்தகம் வாங்கித் தரணும், இங்கிலீஷா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா சிரிச்சுக்கிட்டே படிக்கிற மாதிரி இருக்கணும், கடைசியில யாரும் சாகக்கூடாது. கூடவே ஒரு வரி எழுதியிருந்தீங்க, "எல்லாத்தையும் என்கிட்ட சொல்ற பொண்ணு, இதை மட்டும் ஏன் இத்தனை வருஷம் சொல்லலன்னு புரியல அக்கா"ன்னு.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், ஏன்னா நான் சொல்லப்போற புத்தகத்துல அதுக்கும் பதில் இருக்கு.

புத்தகம் பேரு 'யூ ஷுட் சீ மீ இன் எ க்ரவுன்'. எழுதினவங்க லியா ஜான்சன், அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல வளர்ந்த கறுப்பினப் பெண், அவங்களோட முதல் நாவல் இது, 2020 ஜூன்ல ஸ்கொலாஸ்டிக் வெளியிட்டாங்க. நான் இருக்கிறதும் இதே இண்டியானா மாநிலம்தான், 11 வருஷமா இங்க ஒரு சின்ன ஊர் பப்ளிக் லைப்ரரியில டீனேஜ் பசங்க செக்‌ஷன்ல வேலை பாக்குறேன், அதனால இந்தக் கதை நடக்கிற மாதிரி ஊரும் தெரியும், இதை எடுத்துட்டுப் போற பசங்க முகமும் தெரியும்.

முதல்ல கதை. லிஸ் லைட்டின்னு ஒரு பொண்ணு, 17 வயசு, ஸ்கூல் கடைசி வருஷம். கேம்ப்பெல்னு ஒரு ஊரு, இது கற்பனை ஊரு, பணக்கார ஊரு, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. லிஸ் கறுப்பினப் பொண்ணு, வீட்டுல பணம் இல்ல, அம்மா இறந்துட்டாங்க, தாத்தா பாட்டி வளர்க்கிறாங்க, ராபின்னு ஒரு தம்பி. அவளுக்கு ஒரே திட்டம்தான், பென்னிங்டன்னு ஒரு பெரிய காலேஜ், அதுல சேர்ந்து அவங்க ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சு, டாக்டர் ஆகி, இந்த ஊரை விட்டே போயிடணும். இடம் கிடைச்சிடுது. ஆனா நம்பியிருந்த உதவித்தொகை கிடைக்கல. மீதி காசை எங்க இருந்து புரட்டுறதுன்னு முழிக்கும்போது அந்த ஸ்கூல்ல ப்ராம்ங்கிற கடைசி வருஷ விருந்துக்குத் தேர்ந்தெடுக்கிற ராஜா, ராணிக்கு ஸ்காலர்ஷிப் தர்றது ஞாபகம் வருது. கூட்டத்தைப் பாத்தாலே கை நடுங்குற பொண்ணு, மேடைன்னாலே பயப்படுற பொண்ணு, ராணி போட்டிக்கு நிக்கிறா. அந்த நேரத்துல ஸ்கூலுக்கு புதுசா மேக்னு ஒரு பொண்ணு வர்றா, லிஸ்ஸுக்கு அவளைப் பிடிச்சுப் போகுது, அந்த மேக்கும் அதே ராணி போட்டியில நிக்கிறா.

கதை இவ்ளோதான். கேட்டா சினிமா கதை மாதிரிதான் இருக்கும், 300 பக்கத்துக்கு கொஞ்சம் மேல, சனிக்கிழமை மத்தியானம் எடுத்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம். இதே சாமானை வச்சு ரொம்ப சாதாரணமா எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க. இது மட்டும் ஏன் நிக்குதுன்னா ரெண்டு விஷயத்துல லியா ஜான்சன் கொஞ்சம்கூட விளையாடல. ஒண்ணு காசு. இன்னொண்ணு பயம்.

காசை முதல்ல எடுத்துக்குறேன். இங்க காலேஜ்ல இடம் கிடைச்சதும் ரெண்டு லெட்டர் மாதிரி வரும், ஒண்ணு உன்னைச் சேத்துக்கிட்டோம்கிறது, இன்னொண்ணு உனக்கு இவ்ளோ உதவி, இவ்ளோ கடன், மிச்சம் நீ கட்டணும்கிறது. முதல் லெட்டருக்கு வீடே குதிக்கும், ரெண்டாவதைப் பிரிச்சதும் அமைதியாயிடும். ஏப்ரல் மாசம் ஆச்சுன்னா எங்க லைப்ரரி கம்ப்யூட்டர்ல பசங்க இந்த ரெண்டாவது கணக்கோட உட்கார்ந்திருப்பாங்க, போன வருஷம் ஒரு பொண்ணு ஒரு துண்டுச்சீட்டுல வருஷத்துக்கு எவ்ளோன்னு எழுதி அதை நாலால பெருக்கி, வந்த தொகையைப் பாத்துட்டு, பென்சிலைத் திருப்பி அந்தப் பெருக்கலை மட்டும் அழிச்சா. அழிச்ச இடத்துல பேப்பர் கிழிஞ்சே போச்சு. நாவல்ல லிஸ்ஸோட பிரச்சினை 10,000 டாலர், நம்ம ஊர் காசுக்கு 8 லட்சத்துக்கு மேல. அவ ஊருல சில பேருக்கு ஒரு கார் மாத்துற காசு அது. அவ வீட்டுல தாத்தா பாட்டி வீட்டையே வித்துடலாமான்னு யோசிக்கிற காசு. அந்த வீடு போகக்கூடாதுங்கிறதுக்காகத்தான் அவ போட்டியில நிக்கிறா. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அவ ஹீல்ஸ் போட்டு தடுமாறுற சீனைப் படிச்சாலும் சிரிப்பு வரும், கூடவே நெஞ்சுல ஒரு பிடி இருக்கும். சிரிப்புக்கு அடியில இந்தக் கனம் இருக்கிறதாலதான் புத்தகம் பஞ்சு மாதிரி பறந்து போயிடாம நிக்குது.

அந்த டாக்டர் கனவும் சும்மா கெத்துக்கு வச்சது இல்ல. லிஸ் அம்மா இறந்தது சிக்கிள் செல் நோயால, தம்பி ராபிக்கும் அதே நோய். ரத்த சிவப்பணு உருண்டையா இருக்கிறதுக்கு பதிலா அரிவாள் மாதிரி வளைஞ்சுக்கும், சின்ன ரத்தக்குழாய்ல போய் சிக்கிக்கும், அப்ப வர்ற வலி சாதாரண வலி இல்ல, ஆஸ்பத்திரியில சேக்கிற அளவுக்குப் போகும். அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீன் வந்தா குழந்தைக்கு நோய் வரும். அமெரிக்காவுல பிறக்கிற கறுப்பினக் குழந்தைகள்ல சுமார் 365ல ஒண்ணுக்கு இது இருக்கு, மொத்தம் ஒரு லட்சம் பேர் பக்கம் இதோட வாழ்றாங்க. நம்ம ஊருக்கும் இது தூரத்து நோய் கிடையாது, இந்தியாவுல இதை முதல் முதலா 1952ல கண்டுபிடிச்சதே நீலகிரி மலைவாழ் மக்கள்கிட்டதான், உங்க தங்கச்சி பயாலஜி குரூப்னா பரம்பரை நோய் பாடத்துல இந்தப் பேரைப் படிச்சிருப்பா. நாவல்ல ராபி நோயாளியா மட்டும் வர மாட்டான், அக்காவைக் கிண்டல் பண்ணுவான், திட்டுவான், அக்கா தன்னைக் குழந்தை மாதிரி நடத்துறான்னு கோபப்படுவான். நோயை வச்சு வாசகரை அழ வைக்கிற வேலையை எழுத்தாளர் பண்ணல, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

இப்ப பயம். உங்க கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு தம்பி.

லிஸ்ஸை ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா எதுக்காகத் தெரியும்னா மார்க்குக்காக, பேண்ட்ல கிளாரினெட் வாசிக்கிறதுக்காக. நல்ல பொண்ணு, தொந்தரவு தராத பொண்ணு. அவ க்வியர்னு, அதாவது பொண்ணுங்க மேல ஈர்ப்புன்னு, நெருங்கின ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அவளோட கணக்கு என்னன்னா தலையைக் குனிஞ்சு நாலு வருஷத்தை ஓட்டிடணும், யார் கண்ணும் என் மேல ஒரு செகண்டுக்கு மேல நிக்கக்கூடாது, காலேஜ் போய்ட்டா அங்க நான் நானா இருந்துக்குவேன். முதல் ரேங்க் வாங்குற பிள்ளையை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ரூம் கதவு சாத்தியிருந்தா "படிக்கிறா, தொந்தரவு பண்ணாத"ன்னு வீடே அடங்கிப்போகும். கல்யாண வீட்டுக்கு வரலன்னாலும் "பரிட்சை இருக்கு"ன்னு அம்மாவே சொல்லி சமாளிப்பாங்க. எந்தப் பையனைப் பத்தியும் பேசலன்னா "எங்க பொண்ணுக்கு படிப்பைத் தவிர ஒண்ணும் தெரியாது"ன்னு பெருமையா சொல்லிக்குவாங்க. அந்தப் பெருமைக்குள்ள ஒரு பிள்ளை வருஷக்கணக்கா ஒளிஞ்சிருக்கலாம், யாருக்கும் சந்தேகம் வராது. உங்க தங்கச்சி பொய் சொல்லல, உங்களை நம்பாமலும் இல்ல. மார்க் ஷீட்டை நீட்டினா அதுக்குப் பின்னாடி இருக்கிற முகத்தை யாரும் பாக்கிறதில்லன்னு எங்கேயோ ஒரு வயசுல கண்டுபிடிச்சிருப்பா, அவ்ளோதான்.

அப்படிப்பட்ட பொண்ணை எழுத்தாளர் எங்க கொண்டுபோய் நிறுத்துறாங்க பாருங்க, ஊரே ஓட்டுப் போடுற போட்டியில. போஸ்டர்ல மூஞ்சி, செல்போன் ஆப்புல மூஞ்சி, ஒவ்வொரு வாரமும் யார் எத்தனாவது இடம்னு பட்டியல். அந்தப் போட்டியிலயும் மார்க் பாப்பாங்க, சமூக சேவை எத்தனை மணி நேரம் பண்ணேன்னு பாப்பாங்க, அதெல்லாம் லிஸ்ஸுக்கு தண்ணி பட்ட பாடு. ஆனா தன்னைக் காட்டிக்கணும்கிற இடம் வரும்போதுதான் அவளுக்கு மூச்சு முட்டுது. பதட்டம் வர்றப்போ உடம்பு என்ன பண்ணும், வயிறு எப்படி புரட்டும், எண்ணிக்கிட்டே எப்படி மூச்சை இழுத்துப் பிடிப்பாங்கன்னு இவ்ளோ சரியா, அதே சமயம் வாசகரை பயமுறுத்தாம எழுதின இளைஞர் நாவல் நான் அதிகம் பாத்ததில்ல. எங்க லைப்ரரியில இதைத் திருப்பிக் குடுக்க வந்த ஒரு பையன், ஆமா பையன்தான், பேச்சுப் போட்டியில ஜெயிக்கிற பையன், "அந்த வாந்தி வர்ற மாதிரி இருக்கிற விஷயம் எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்"னு மட்டும் சொல்லிட்டுப் போனான்.

ப்ராம்னா என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிடுறேன், இல்லன்னா ஒரு டான்ஸ் பார்ட்டிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமான்னு தோணும். ஸ்கூல் கடைசி வருஷம் வசந்த காலத்துல நடக்கிற பெரிய ராத்திரி விருந்து அது. நீள கவுன், கோட்டு, கையில பூச்செண்டு, ஜோடி ஜோடியா போட்டோ. இங்க சின்ன ஊருங்கள்ல பாட்டிங்க எல்லாம் தங்களோட ப்ராம் போட்டோவை வரவேற்பறையில மாட்டி வச்சிருக்காங்க. சுத்தி சோளக்காடு, ஊருக்குன்னு ஒரு வாட்டர் டேங்க், ஒரு ஃபுட்பால் மைதானம், அதுக்கு நடுவுல வருஷத்துல இந்த ஒரு ராத்திரிக்கு இருக்கிற மவுசு, நம்ம ஊர் தேர்த்திருவிழா மவுசுதான். தேர் இழுக்க யாருக்கு உரிமை, யார் தெருவுக்குள்ள தேர் வரும் வராதுன்னு நம்ம ஊருல எத்தனை சண்டை நடந்திருக்கு. அதே மாதிரி இங்க ப்ராமுக்குள்ள யார் யாரோட கை கோத்து வரலாம்கிறதுக்கு கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க.

இதெல்லாம் நிஜமா நடந்தது. 1980ல ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஆரன் ஃப்ரிக்னு ஒரு பையன், தன் ப்ராமுக்கு இன்னொரு பையனை ஜோடியா கூட்டிட்டுப் போகணும்னு கேட்டான், ஸ்கூல் முடியாதுன்னு சொல்லிச்சு, கலவரம் வரும், பாதுகாப்பு தர முடியாதுன்னு காரணம் சொன்னாங்க. ஃபெடரல் கோர்ட் ஜட்ஜ் அதை ஏத்துக்கல, அந்தப் பையன் அப்படி வர்றதே அவனோட கருத்துச் சுதந்திரம், பாதுகாப்பு தர வேண்டியது ஸ்கூலோட வேலைன்னு தீர்ப்பு சொன்னாரு. போனான், ஆடினான்.

அதுக்கு 30 வருஷம் கழிச்சு 2010ல மிசிசிப்பியில கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன்னு ஒரு பொண்ணு, தன் தோழியை ஜோடியா கூட்டிட்டு வரணும், கோட்டு சூட்டு போட்டுக்கணும்னு கேட்டா. அவளை வர விடக்கூடாதுன்னு ஸ்கூல் போர்டு ப்ராமையே ரத்து பண்ணிடுச்சு, மொத்த கிளாஸோட கோபமும் அவ தலையில விழுந்தது. கோர்ட்ல அவ உரிமை மீறப்பட்டதுன்னு ஜட்ஜ் சொன்னாரு. அதுக்கு அப்புறம் நடந்ததுதான் கொடுமை, அவளை ஒரு இடத்துக்கு வரச் சொன்னாங்க, போய்ப் பாத்தா மொத்தம் ஏழு பேருதான் இருந்தாங்க, மத்த பசங்க எல்லாம் வேற ஒரு இடத்துல நிஜ விருந்துல இருந்தாங்க. கடைசியில அந்த ஸ்கூல் நிர்வாகம் 35,000 டாலர் நஷ்டஈடு குடுத்து வழக்கை முடிச்சது.

எங்க இண்டியானாவுலயே, சல்லிவன்னு ஒரு ஊருல, 2013ல கொஞ்சம் பேர் சேர்ந்து தன்பால் ஈர்ப்புள்ள பசங்க வரக்கூடாத தனி ப்ராம் நடத்தணும்னு கூட்டம் போட்டாங்க, நாடு முழுக்க செய்தி ஆச்சு. நிறத்தை எடுத்துக்கிட்டாலும் அதே கதைதான். மிசிசிப்பியில சார்ல்ஸ்டன்கிற ஊருல கறுப்பு வெள்ளைப் பசங்க ஒண்ணா ஆடின முதல் ப்ராம் 2008லதான் நடந்தது, நடிகர் மார்கன் ஃப்ரீமன் செலவை நான் ஏத்துக்கிறேன்னு 1997லயே சொல்லியும் 11 வருஷம் ஆச்சு. ஜார்ஜியாவுல வில்காக்ஸ் கவுண்ட்டியில 2013ல பொண்ணுங்களே காசு திரட்டி முதல் பொது ப்ராம் நடத்தினாங்க.

இப்ப யோசிங்க, அப்படிப்பட்ட ஒரு விருந்துல, ஒரு கறுப்பினப் பொண்ணு, பொண்ணுங்களை விரும்புற பொண்ணு, கிரீடம் எனக்கு வேணும்னு கேக்கிறா. ரெண்டு பொண்ணுங்க கை கோத்து வர்றதை ஏத்துக்கிற ஊர் இல்ல அது. மேலாப்பில பாத்தா கவுனும் மினுமினுப்பும், ஆனா அந்த ஊர் பெருசுங்க யாருக்காக இந்தத் திருவிழாவை கட்டி வச்சாங்களோ அவங்க லிஸ்ட்ல அவ என்னைக்குமே இருந்ததில்ல. இதையெல்லாம் லியா ஜான்சன் ஒரு இடத்துலகூட பாடமா எடுக்கல. லிஸ் ஒரு போஸ்டரைப் பாத்து நிக்கிறதுல, தலைமுடியைக் கட்டுறதா விடுறதான்னு யோசிக்கிறதுல அதைச் சொல்லிடுறாங்க.

காதல் பகுதி. மேக் ஸ்கேட்போர்டுல வர்ற பொண்ணு, ட்ரம்ஸ் வாசிக்கிற பொண்ணு, யார் என்ன நினைப்பாங்கன்னு பெருசா கவலைப்படாத பொண்ணு. லிஸ் அதுக்கு நேர் எதிர். ரெண்டு பேருக்கும் பாட்டு மேல பைத்தியம், அதுல தொடங்குது. முத்தத்துக்கு மேல எதுவும் கிடையாது, அதனால வயசைப் பத்தி நீங்க யோசிக்க வேண்டாம். அவங்க சண்டை எதுல வருதுன்னா, லிஸ் மேக்கை மறைச்சு வைக்கிறதுல. யாரும் அதுல கெட்டவங்க கிடையாது, காசு வேணும்னா ஓட்டு வேணும், ஓட்டு வேணும்னா மறைக்கணும், மறைச்சா மேக் மனசு நோகும். லிஸ்ஸோட உயிர்த்தோழி கேபிதான் பிரசாரத்தை நடத்துறா, அவளும் ஜெயிக்க வைக்கணும்கிற வெறியில "இப்ப வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லிக்கிட்டே போறா. பாசமா இருக்கிறவங்களே நம்மை கொஞ்சம் சின்னதா ஆக்கிடுற அந்த இடம் எனக்கு ரொம்ப வலிச்சது. இதை நீங்களும் படிக்கணும்னு நான் சொல்றதுக்குக் காரணமே கேபிதான். "இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாத, முதல்ல பரிட்சையை முடி"ன்னு நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, நல்ல மனசோடதான் சொல்லியிருப்பீங்க, அது அந்தப் பக்கம் நிக்கிற பிள்ளைக்கு எப்படிக் கேக்கும்னு கேபியைப் படிச்சா தெரியும்.

இன்னொருத்தன் ஜோர்டன். சின்ன வயசு நண்பன், ஒன்பதாம் வகுப்புல ஃபுட்பால் பசங்களோட சேர்ந்ததும் லிஸ்ஸை கண்டுக்காம போயிட்டவன். அவனும் ராஜா போட்டியில நிக்கிறதால ரெண்டு பேரும் மறுபடி பேசிக்கிறாங்க. என்னைக் கேட்டா புத்தகத்துலயே அழகான பகுதி இந்த நட்புதான், காதலை விட ஒரு படி மேல. ஒரு பையனும் பொண்ணும் இவ்ளோ நெருக்கமா இருந்தும் கதை அவங்களைக் காதலுக்குத் தள்ளல.

குறையும் சொல்லணும். வில்லியா வர்ற ரேச்சல்கிற பொண்ணு ரொம்ப தட்டை, அவ ஏன் அப்படி இருக்கான்னு எழுத்தாளர் எட்டிக்கூடப் பாக்கல. கடைசி 40, 50 பக்கம் வேகமா ஓடுது, வருஷக்கணக்கா அமைதியா இருந்த ஊர் ஆளுங்க கொஞ்சம் சுலபமா மனசு மாறிடுறாங்க. ஆனா நீங்க கேட்டது யாரும் சாகாத புத்தகம், அந்த சுலபத்தை நான் குறைன்னு சொன்னாலும் உங்க தங்கச்சிக்கு அது இப்ப தேவையான சுலபம். ராபிக்கு ஒரு இடத்துல உடம்பு ரொம்ப மோசமாகும், பயப்பட வேண்டாம், பிழைச்சுக்குவான். கிரீடம் லிஸ் தலைக்குத்தான் வருது, மேக்கும் அவளுக்குத்தான். இதைச் சொல்லிட்டேன்னு கோச்சுக்காதீங்க, முடிவு தெரிஞ்சாத்தான் நிம்மதியா உள்ள போற பிள்ளைங்க இருக்காங்க.

ஏன் அந்த நிம்மதி வேணும்னு பழசைப் பாத்தாத்தான் புரியும். இந்த மாதிரி பொண்ணுங்களைப் பத்தி முன்னாடி வந்த கதைகள்ல பெரும்பாலும் முடிவு சாவு, ஆக்ஸிடென்ட், இல்ல ஆம்பளையைக் கட்டிக்கிறது. 1982ல நான்சி கார்டன் எழுதின 'ஆனி ஆன் மை மைண்ட்' அதை உடைச்ச புத்தகம், ரெண்டு பொண்ணுங்க காதலிச்சு கடைசியில சேர்ந்தே இருப்பாங்க. அதுல வர்ற லைசாவும் படிப்பாளிதான், ஸ்கூல் மாணவர் தலைவி, அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடியில ஆர்க்கிடெக்சர் சேர்றவ. விஷயம் வெளிய வந்ததும் ஸ்கூல் அவளை விசாரணைக் கூட்டத்துல உட்கார வைக்கும், அதுவரை வாங்கின நல்ல பேரு எல்லாம் ஒரே நாள்ல எதுக்கும் உதவாம போகும். அந்தப் புத்தகத்தை 1993ல கான்சஸ் சிட்டியில ஸ்கூல் நிர்வாக ஆபீஸ் முன்னாடி வச்சுக் கொளுத்தினாங்க, பக்கத்துல ஒரு ஊரு ஸ்கூல் நிர்வாகம் லைப்ரரியில இருந்து தூக்கினதுக்கு மாணவர்களே கேஸ் போட்டு 1995ல ஜெயிச்சு மறுபடி அலமாரிக்குக் கொண்டு வந்தாங்க. லைசாவுக்கு முதல் ரேங்க்கு ஒரு கேடயம் மாதிரி இருந்து, தேவைப்பட்ட அன்னைக்கு உடைஞ்சு போச்சு. 38 வருஷம் கழிச்சு வந்த லிஸ், அந்தக் கேடயத்தைத் தானே கீழ வைக்கிறா, கிரீடத்தையும் கேக்கிறா.

இதுக்கும் எதிர்ப்பு வராம இல்ல. 2020 ஆகஸ்ட்ல நடிகை ரீஸ் விதர்ஸ்பூனோட புக் கிளப் தன்னோட முதல் இளைஞர் நாவலா இதைத் தேர்ந்தெடுத்தாங்க, 2021ல தன்பால் ஈர்ப்புள்ளவங்களைப் பத்தின புத்தகங்களுக்குத் தர்ற ஸ்டோன்வால் விருதுல சிறப்பு மரியாதை கிடைச்சது, அதே வருஷம் டைம் பத்திரிகையோட எல்லாக் காலத்துக்குமான 100 சிறந்த இளைஞர் புத்தகங்கள் பட்டியல்ல வந்தது. அடுத்த வருஷமே 2022ல ஓக்லஹாமா மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது அரசோட தலைமை வக்கீல், ஆபீஸ் ஆபாசமான்னு ஆராய வேண்டிய புத்தகங்கள் வரிசையில இதையும் வச்சிடுச்சு. முத்தத்துக்கு மேல ஒண்ணும் இல்லாத, ஒரு பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டப் போராடுற புத்தகம். அன்னைக்கு அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கல, எங்க அலமாரியில அதை எடுத்து அட்டை முன்னாடி தெரியுற மாதிரி நிமிர்த்தி வச்சேன், இன்னைக்கு வரைக்கும் அது அப்படித்தான் நிக்குது. லியா ஜான்சன் என்ன பண்ணாங்கன்னா 2023ல இண்டியானாபொலிஸ்லயே லவுட்மவுத் புக்ஸ்னு ஒரு புத்தகக் கடை திறந்தாங்க, தடை பண்ற புத்தகங்களையும் ஓரங்கட்டப்பட்ட எழுத்தாளர்களையும் முன்வரிசையில வைக்கிறதுக்குன்னே.

எப்படி வாங்கிக் குடுக்கிறதுன்னு கேட்டீங்க. வீட்டுல மத்தவங்களுக்கு இன்னும் தெரியாதுன்னு சொன்னீங்கல்ல, அதனால சொல்றேன். முன்னட்டையைப் பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒரு பொண்ணு, தலைக்கு மேல கோடு கோடா வரைஞ்ச ஒரு கிரீடம், ஏதோ ஸ்கூல் கதைன்னுதான் தோணும். பின்னட்டையில மேக் மேல மனசு சாயுறது ஒரு வரியில வந்துடும், இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்ச யாராவது திருப்பிப் பாத்தா புரிஞ்சுக்குவாங்க. அவ ஹாஸ்டல்ல இருந்தாலோ, அம்மா அப்பா அலமாரியை ஒழுங்குபடுத்துற வீடா இருந்தாலோ ஈ-புக்கா வாங்கி அவ போன்ல போட்டுக் குடுங்க. எது வேணும்னு அவகிட்டயே கேளுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

இங்கிலீஷ் கஷ்டமா இருக்குமோன்னு யோசிக்க வேண்டாம், பேசுற மாதிரிதான் எழுதியிருக்கு. கொஞ்சம் கறுப்பினத்தவங்க வீட்டுப் பேச்சு வரும், அமெரிக்கப் பாட்டுக்காரங்க பேரு நிறைய வரும், தெரியலன்னா தாண்டிப் போயிடலாம். தமிழ்ல இந்த மாதிரி பேசுறதுக்கு வார்த்தை இல்லன்னு அவ நினைச்சா, தமிழ்நாடு அரசே 2022ல ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கு, க்வியர்ங்கிறதுக்கு பால்புதுமையர்னு அதுல இருக்கு, அவளுக்கு அதைக் காட்டுங்க. தன்னைப் பத்தின வார்த்தை கெஜட்ல அச்சாகி இருக்கிறதைப் பாக்கிறது 17 வயசுக்கு சின்ன விஷயம் இல்ல.

அப்புறம் நீங்க முதல்ல படிச்சிட்டுக் குடுக்காதீங்க. ரெண்டு காப்பி வாங்குங்க, ரெண்டு பேரும் ஒரே வாரத்துல படிங்க. அவ கேபி வர்ற இடத்துல ஏதாவது சொல்லுவா, அப்ப நீங்க அந்த அத்தியாயத்துக்கு வந்திருக்கணும்.